இரண்டாவது சங்கு

குல்வாரா
11 அக்டோபர் 1981

வெர்னாவுக்கு,

போன வருடம் நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை பிரிக்காமலே திரும்பி வந்தது. அதனால் இந்த முறை அட்டை இல்லை, கடிதம். உறையின் மேல் முகவரியைப் பெரிலை எழுத வைத்திருக்கிறேன். என் கையெழுத்து என்றால் நீ பிரிக்க மாட்டாய், என் பெண்டாட்டி கையெழுத்து என்றால் பிரிப்பாய் என்று ஒரு கணக்கு. கூடப்பிறந்தவளுக்குக் கடிதம் போட இப்படித் திருட்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கே அக்டோபரிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெரில் இப்போதே கிறிஸ்துமஸ் புட்டிங்கை வேகவைத்துத் துணியில் கட்டி ஷெட்டில் தொங்கவிட்டுவிட்டாள். "டிசம்பர்ல நாப்பது டிகிரி வெயில்ல ஆறு மணி நேரம் அடுப்பு முன்னாடி நின்னு சாகணும்னு எனக்கென்ன தலையெழுத்தா"ன்னு கேட்கிறாள். ஆனால் வான்கோழியை மட்டும் அன்றைக்கே அடுப்பில் சுடுவாளாம். அதில் என்ன நியாயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சுடும் வேலை எனக்கு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் ரொண்டாவும் இந்தக் கிறிஸ்துமஸுக்கு இங்கே வர வேண்டும். மெர்வ் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. அவன் கல்லறைக்கு அவன் அண்ணன் எர்னி வாரம் தவறாமல் போகிறான். தம்பிக்காக ஒரு வாளி தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் அங்கே நட்ட செடிக்கு ஊற்றுகிறான். அது என்ன செடி என்று அவனுக்கும் தெரியாது. உன் புருஷன் குடும்பத்தில் மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். உன்னைப் பற்றிக் கேட்கிறான்.

இன்னொன்று. போன வருடம் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா வண்டி போகவில்லை. இந்த வருடம் மறுபடி விடலாம் என்று தீயணைப்புப் படையில் பேச்சு. தலைவன் என்கிற முறையில் நான்தான் வேஷம் போட வேண்டுமாம். இந்த முறை தீயணைப்புச் சங்கு கிடையாது, கையில் மணி மட்டும். உன்னைக் கேட்காமல் சரி என்று சொல்ல மனம் வரவில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

க்ளைவ்


ஹோபர்ட்
20 அக்டோபர் 1981

க்ளைவ்,

பெரில் கையெழுத்து என்று நம்பித்தான் பிரித்தேன். உன் கணக்கு பலித்தது.

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறிலிருந்து இரண்டு வரை. வெளியே குளிர்காற்று, உள்ளே நீராவி. வெயிலுக்குப் பயந்து ஓடி வந்தவளுக்குக் கிடைத்த வேலையைப் பார். வீட்டுக்கு வந்தால் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். சமைக்கக்கூடத் தோன்றாது. ரொண்டாவுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது, அவளே ரொட்டியில் ஏதாவது தடவித் தின்கிறாள். இந்த ஊரில் டிசம்பர் கோடைச் சாயங்காலத்தில்கூட ஸ்வெட்டர் போடலாம். யாரும் வானத்தைப் பார்த்துப் புகை இருக்கிறதா என்று தேடுவதில்லை. எனக்கு அது போதும்.

நீ யாரையும் கேட்காமல் தாத்தா வேஷம் போட்டுக்கொள். என்னைக் கேட்டு நீ எதையும் செய்தவன் இல்லை.

நான் வருவதற்கு ஒரு நிபந்தனை. மெர்வ் போன அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் நீ என்ன பார்த்தாய் என்று சொல். விசாரணையில் சொன்னது வேண்டாம், அது எனக்கு மனப்பாடம். "தாடி கண்ணை மறைச்சிருச்சுங்க. ஒரே வேர்வை, புழுதி. தெருவுல யாரையும் பாக்கல." இவ்வளவுதான் சொன்னாய். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாய்.

அது இல்லாத இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல். அப்புறம் நானும் பையைக் கட்டுகிறேன்.

வெர்னா


குல்வாரா
30 அக்டோபர் 1981

வெர்னா,

எழுதினாயே, அதுவே பெரிது. பெரிலிடம் காட்டினேன். "சலவைக்கூடமா, பாவம் வெர்னா"ன்னு சொன்னாள்.

அந்த வேஷத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தைத்தது யாரோ பனி பெய்யும் தேசத்து ஆள். விரல் தடிமனில் சிவப்புக் கம்பளி. பஞ்சுத் தாடியை மைதாப் பசை போட்டு ஒட்டுவோம், அரை மணியில் பசை உருகி வாய்க்குள் வந்துவிடும். உள்ளே ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினால் முதல் தெருவிலேயே துண்டு காய்ந்துவிடும். வருடா வருடம் வண்டியிலிருந்து என்னை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கி மரத்தடியில் படுக்கவைத்து வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று சுற்றிலும் ஆட்கள் மறைத்து நிற்பார்கள். தீப்பிடித்ததற்கு முந்தின வருடம் போஸ்ட் ஆபீஸ் முன்னால் நான் ஒரு தபால்பெட்டிக்குக் கை கொடுத்தது ஊருக்கே தெரியும்.

அன்றைக்கு நாற்பத்திரண்டு டிகிரி. வடகாற்று. காலையிலிருந்து வானம் செம்மண் நிறம். அப்படி ஒரு நாளில் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? உனக்கும் அன்றைக்கு நல்ல நிலைமை இல்லை. புருஷன் தீக்குள் போயிருக்கிறான், தெருவில் ஓடி வருகிறாய். அந்த நேரத்தில் மனது எதையோ பார்த்ததாக நினைத்துக்கொள்ளும். உன்னைக் குறை சொல்லவில்லை. உன்னையும் என்னையும் விட்டுவிடுவோம் என்கிறேன்.

இந்த வருடம் சூடாக ஒன்றும் வேண்டாம் என்று பெரிலிடம் பேசிப் பார்க்கிறேன். குளிர்ந்த ஹாம், உருளைக்கிழங்கு, பீட்ரூட், நீ அப்போது கேட்டது மாதிரியே. வா.

க்ளைவ்


ஹோபர்ட்
7 நவம்பர் 1981

க்ளைவ்,

மனது நினைத்துக்கொள்ளுமா? நல்லது. அந்த விசாரணை அதிகாரியும் இதைத்தான் எழுதினார், "துக்கத்தால் நினைவு மாறியிருக்கலாம்" என்று. அவர் வெளியூர்க்காரர், என்னை முன்பின் பார்த்ததில்லை. நீ என் கூடவே வளர்ந்தவன். உனக்கும் எனக்கும் பதினோரு மாதம்தான் வித்தியாசம்.

நான் ஒரு தடவை முழுக்க எழுதுகிறேன். இனிமேல் எழுத மாட்டேன்.

தீ பிடித்தால் அடிக்க ஒரு சங்கு வைத்திருந்தார்கள் அந்த ஊரில். அதைப் பிள்ளைகளுக்குத் தாத்தா வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்லவும் அடிக்கலாம் என்று யோசனை சொன்னவன் நீ. ஐந்து வருடம் அடித்தீர்கள். அன்றைக்கும் மூன்றரைக்கு அடித்தீர்கள். பிள்ளைகள் மிட்டாய் வாங்கத் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடின. நாலு பத்துக்கு இரண்டாவது சங்கு அடித்தது, அது தீக்கு. தாத்தா பள்ளிக்கூடத் தெருவை முடித்துவிட்டு அடுத்த பக்கம் வருகிறார் போலிருக்கிறது என்று ஊரே நினைத்தது. ஒரு மனுஷன் அசையவில்லை. படை ஆட்கள் பாதிப் பேர் உன் வண்டியில் மணிச்சத்தத்தில் எதுவும் காதில் விழாமல் மிட்டாய் வீசிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் வீட்டில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு இருபத்தைந்துக்குப் புகை வாடை வந்தது. எங்கள் வயலின் கீழ்வேலி, அறுத்துப்போட்ட கோதுமைத் தாள், எரிந்துகொண்டு வந்தது. மெர்வ் தண்ணீர்த் தொட்டி வைத்த பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனான். நான் டெலிபோனை எடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் ஹேசல் அழுதாள். "சங்கு அடிச்சு கால் மணி நேரமாச்சு வெர்னா, ஒருத்தரும் வரல, நானும் ஒவ்வொரு வீடா கூப்பிட்டுட்டிருக்கேன், எல்லாரும் தெருவுல நிக்கறாங்க, யாரும் போனை எடுக்கல." அதற்குள் உன் வண்டி மணிச்சத்தத்தோடு எங்கள் தெருவில் வந்தது. பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். நடுத்தெருவில் நின்று இரண்டு கையாலும் வீசினேன். நெவில் தெருவோரப் பிள்ளைகளையே பார்த்து ஓட்டினான், அவனை நான் சொல்லவில்லை. நீ மேலே நின்றாய். இருபது அடி. உன் தாடி அப்போது கழுத்துக்கு இறங்கியிருந்தது. நீ என் முகத்தைப் பார்த்தாய்.

பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி எனக்குக் கையசைத்தாய். ஒரு கை நிறைய மிட்டாயை என்மேல் வீசினாய். வண்டி கோதுமைக் கிடங்குப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

ரொண்டா அந்த மிட்டாயைப் பொறுக்கித் தின்றாள். ஏழு வயசுப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?

தீயை அணைக்க உங்கள் வண்டி வந்தபோது மணி ஐந்து. மெர்வை எடுத்துக்கொண்டு வந்தது எர்னி.

இதைத்தான் நான் விசாரணையில் சொன்னேன். நீ பார்க்கவில்லை என்றாய். அன்றிலிருந்து கடையில் ரொட்டி வாங்கப் போனால்கூட என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பேசினார்கள், மூளை கலங்கினவளிடம் பேசுகிற மாதிரி. அதனால்தான் நிலத்தை விற்றுவிட்டு வந்தேன். வெயிலால் இல்லை.

வெர்னா


குல்வாரா
15 நவம்பர் 1981

வெர்னா,

பார்த்தேன்.

நீ எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. தாடி இறங்கியிருந்தது. துணி நீலக் கோடு போட்டது. உன் வலது காலில் செருப்பு இல்லை. இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன், இதற்கு மேல் போக முடியவில்லை. இன்றைக்குப் போகிறேன்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் நாம் சண்டை போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பெரிலிடம், இந்த வருடம் எல்லாம் குளிர்ந்த சாப்பாடு, அடுப்பே பற்றவைக்க வேண்டாம் என்றாய். நான் நடுவில் புகுந்து, வான்கோழி இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ், அம்மா இருந்திருந்தால் விடுவாளா என்றேன். "அம்மா அந்த அடுப்புக்கு முன்னாடி மயங்கி விழுந்தவதான்டா, உனக்கு அது மட்டும் மறந்துருச்சா? நீயும் உன் வான்கோழியும் உன் கோமாளி வேஷமும்"னு சொல்லிவிட்டுப் போனாய். ஐந்து வருடத்தில் ஒரு வருடம்கூட நீ என் வண்டியைப் பார்க்க வாசலுக்கு வந்ததில்லை. ரொண்டாவை அனுப்புவாய், நீ ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாய். எனக்கு அது ஒவ்வொரு வருடமும் உறுத்தும். சொன்னதில்லை.

அன்றைக்கு உன் தெருவில் திரும்பும்போதே இந்த வருடமும் வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால் நடுத்தெருவில் நிற்கிறாய். இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறாய். ஏதோ கத்தினாய், மணிச்சத்தத்தில் கேட்கவில்லை. வெர்னா, நீ சமாதானத்துக்கு வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அந்த வேஷத்துக்குள் அத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதனால்தான் கை நிறைய அள்ளி வீசினேன்.

திரும்பின பிறகும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். கிடங்கைத் தாண்டின பிறகுதான் புகை தெரிந்தது.

அந்த அறையில் அதிகாரி "யாரையாவது பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி என்ன வரும்? பார்த்துவிட்டு ஏன் நிறுத்தவில்லை என்று வரும். மெர்வ் எரிந்துகொண்டிருந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எர்னி உட்கார்ந்திருக்கும் இடத்தில் எப்படிச் சொல்வது? தாடி என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள் என்று தெரியும். ஊரில் அத்தனை பேரும் ஒரு தடவையாவது அந்தத் தாடியைக் கேலி பண்ணியிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன். நீ பைத்தியக்காரி ஆவாய் என்று அப்போது யோசிக்கவில்லை. ஆனபிறகு தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் பெரிய குற்றம்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

க்ளைவ்


ஹோபர்ட்
22 நவம்பர் 1981

க்ளைவ்,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். அரை நாள் சம்பளம் போயிற்று.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. களைப்புத்தான் வந்தது. இரண்டு வருடத்தில் எத்தனை நாள் நானே என் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறேன் தெரியுமா? அந்தத் துணியில் நீலக் கோடு இருந்ததா, சிவப்புக் கோடா என்று பாத்திரம் துடைக்கும்போதெல்லாம் யோசிப்பேன். நீலம்தான். சரி.

நீ சந்தோஷப்பட்டதற்கு உன்னை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது.

ஆனால் என்னிடம் சொல்லி என்ன பயன்? நான் அங்கே இருந்தவள். நீ சொல்ல வேண்டியது மற்றவர்களிடம். தீயணைப்புப் படையின் வருடக் கடைசிக் கூட்டம் வருமே, நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. எல்லோரும் இருப்பார்கள், எர்னியும் இருப்பான். அங்கே எழுந்து நின்று இந்தக் கடிதத்தில் இருப்பதைச் சொல். சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்.

வெர்னா


குல்வாரா
30 நவம்பர் 1981

வெர்னா,

சொல்லிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து, பரிசுக் குலுக்கல் முடிந்து, தாத்தா வண்டி பற்றிப் பேச்சு எடுத்தார்கள். எழுந்தேன். பேப்பரில் எழுதி வைத்திருந்தேன், மின்விசிறிக் காற்றில் அது பறந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, நானும் குனியவில்லை. வாய்க்கு வந்தபடி சொன்னேன். "வெர்னா பொய் சொல்லல. அவ நடுத்தெருவுல நின்னா. நான் பார்த்தேன். வாழ்த்துச் சொல்றான்னு நினைச்சேன். பயந்துபோய் விசாரணையில தாடின்னு சொன்னேன்." இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு வண்டி ஓட்டின நெவில் எழுந்து வெளியே போய்விட்டான். ஹேசல் மட்டும், "அந்த வெர்னாவ நான் எப்படிப் பாத்தேன் தெரியுமா, கடையில, ஐயோ"ன்னு முகத்தை மூடிக்கொண்டாள். தலைவர் பதவியை விட்டேன். வேண்டாம் என்று ஒரு வாய் வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன்: இனி எந்தக் காரணத்துக்கும், கடவுளே வந்தாலும், தீயைத் தவிர வேறெதற்கும் அந்தச் சங்கை அடிப்பதில்லை என்று கை தூக்கச் சொன்னேன். எல்லோரும் தூக்கினார்கள். இந்த வருடம் தாத்தா வண்டியும் இல்லை. பிள்ளைகள் சர்ச் மைதானத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஆடட்டும் என்று முடிவு. நாளைக்குப் பட்டணம் போய் விசாரணை அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

எர்னி என் முகத்தில் அறைவான் என்று தயாராக இருந்தேன். அவன் கார் வரைக்கும் கூட வந்தான். கதவைத் திறக்க விடாமல் சாய்ந்து நின்றான். "நீ பார்த்தியோ பார்க்கலையோ, உன் வண்டி அந்தத் தெருவுக்கு வந்தது நாலரைக்கு. அதுக்குள்ள தீ கீழ்வேலியத் தாண்டியிருச்சு. என் கேள்வி வேற. சங்கு அடிச்சது நாலு பத்து. மெர்வ் வீட்லதான் இருந்தான். அவன் சங்கு கேட்டா சட்டைகூடப் போடாம ஓடறவன். அன்னைக்கு ஏன் கால் மணி நேரம் கிளம்பல? அப்பவே கிளம்பியிருந்தா வேலி ஓரத்துலயே அணைச்சிருப்பான். ரெண்டு வருஷமா எனக்கு இது ஒண்ணுதான் ஓடுது. அவனுக்குக் கேக்கலையா?"ன்னான்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. வெர்னாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உனக்குத் தெரியுமா?

பெரில் உங்கள் இரண்டு பேருக்கும் பின்னறையைச் சுத்தம் செய்துவிட்டாள். பட்டணத்திலிருந்து இருபத்து மூன்றாம் தேதி புதன்கிழமை பஸ்ஸில் வா.

க்ளைவ்


ஹோபர்ட்
8 டிசம்பர் 1981

க்ளைவ்,

கேட்டது.

மெர்வ் அன்று மத்தியானம்வரை அறுவடையில் இருந்தான். காற்று அதிகமாகி, தீ பயத்தால் அறுவடைக்குத் தடை போட்டதும் வந்து, நடையில் வெறுந்தரையில் சட்டையில்லாமல் படுத்தான். அந்த வீட்டில் சூடு ஏறாத இடம் அது ஒன்றுதான். நான் சமையலறையில் இருந்தேன். உன்மேல் இருந்த கோபத்தில் ஹாமை வாங்கிவிட்டு, பிறகு உனக்குத் தோற்றுப்போய் ஒரு கோழியையும் அடுப்பில் வைத்திருந்தேன். முகமெல்லாம் எரிந்தது. உன்னை நினைத்து நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சங்கு அடித்ததும் அவன் எழுந்து உட்கார்ந்தான். பூட்ஸைக்கூட எடுத்துவிட்டான். "வெர்ன், இது தீச் சங்கு மாதிரி இருக்கே?"ன்னு கேட்டான்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்ல, படு. என் தம்பி கோமாளி ரெண்டாவது சுத்து வர்றான்"னேன்.

அவன் சிரித்தான். பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படுத்தான். அவன் சங்கைச் சரியாகத்தான் கேட்டான் க்ளைவ். என் பேச்சைக் கேட்டு மறுபடி படுத்தான். பதினைந்து நிமிடம் தூங்கினான்.

இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் நீ தாடி என்றாய். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று உனக்குத் தெரியும். எவ்வளவு நிம்மதி வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ பொய்க்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி நான் நினைக்க வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பி அனுப்பினேன். ஊரை விட்டு வந்தேன். உன்னிடம் உண்மையைக் கேட்டு நெருக்கினேன். நீ சொல்ல மாட்டாய் என்று நம்பித்தான் நெருக்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. நீ சொல்லித் தொலைத்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தை எர்னியிடம் காட்டாதே என்று எழுதினேன், அடித்தேன். காட்டு என்று எழுதினேன், அதையும் அடித்தேன். எனக்கு ரொம்பச் சோர்வாக இருக்கிறது. நான் எப்படி அங்கே வந்து அவன் முகத்தில் விழிப்பேன்?

வெர்னா


குல்வாரா
14 டிசம்பர் 1981

வெர்னா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஷெட்டில் உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பிறகு உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில், உன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எழுதினேன். அது உண்மைதான். அந்தச் சத்தத்துக்கு அந்த அர்த்தத்தை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இரண்டாவதில், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், நம் இரண்டு பேரோடு போகட்டும் என்று எழுதினேன். நீ என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது வெறும் அழுகை, அது உனக்கு வேண்டாம்.

கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. பெரிலிடமும் காட்டவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நீ.

நேற்று எர்னி வந்தான். ஏணி இரவல் வாங்க வந்தேன் என்றான், அவனிடமே இரண்டு ஏணி இருக்கிறது. வெயிலில் நின்றுகொண்டே, "வெர்னா எழுதினாளா?"ன்னு கேட்டான். எழுதினாள் என்றேன். "என்ன சொன்னா?"

எனக்கு இனிப் பொய் வராது வெர்னா, அந்த வேலை எனக்கு முடிந்துபோயிற்று. "அது அவ சொல்ல வேண்டியது. நேர்ல வந்து சொல்வா"ன்னேன்.

அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஈயை விரட்டிக்கொண்டே, "கிறிஸ்துமஸ் அன்னைக்கு நான் எங்கயும் போறதில்ல, தனியாத்தான் டின்ன உடைச்சுத் தின்னுட்டு உக்காந்திருப்பேன். அவ வர்றான்னா நானும் சாப்பிட வர்றேன். அவ சொல்றத உக்காந்துதான் கேக்கணும். நின்னுட்டுக் கேட்டா நான் ஏதாவது செஞ்சுருவேன்"னு சொல்லிவிட்டுப் போனான். ஏணியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

பெரில் அடுப்பே பற்றவைக்கப் போவதில்லை. ஐந்து தட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

க்ளைவ்